சொன்னதைச் செய்யும் கிளிப்பிள்ளை

பேராண்டி, உனக்குப் பெரிய பதவி குடுத்திருக்காங்கன்னு உங்க அம்மா தெருவெல்லாம் கல்கண்டு குடுத்துட்டு வந்தா. எனக்கும் ரெண்டு கட்டி கெடச்சுச்சு. என்ன பதவின்னு கேட்டேன். இனிமே நெட்வொர்க்க யாரும் கையால தொட வேண்டாமாம், ‘எங்களுக்கு இன்னது வேணும்’னு மேலிடத்துலருந்து ஒரு வரி சொன்னாப் போதுமாம், மிச்சத்த மெஷினே பாத்துக்குமாம், அந்த மெஷின மேய்க்கிற குழுவுக்கு எம் பேரன் தலைவனாம். ரொம்ப சந்தோசம். ஒரு வரி சொல்லிட்டு உக்காந்திருக்கிறதுக்கு மாசச் சம்பளம் குடுக்கிறவன் நல்லா இருக்கட்டும்.

எனக்கு என்ன தெரியும்? தந்தி இலாகாவுல லைன்மேனா இருந்து ரிட்டையர் ஆனவன். கம்பத்துல ஏறத் தெரியும், கம்ப்யூட்டர்ல ஏறத் தெரியாது. ஆனா போன பொங்கலுக்கு வந்தப்ப உன் டேப்லெட்ட மறந்து வச்சிட்டுப் போயிட்ட பாரு, அதுல நீ படிக்கிறதுக்குன்னு எறக்கி வச்ச காகிதமெல்லாம் அப்படியே கெடந்துச்சு. நீ ஒண்ணையும் தெறக்கலன்னும் தெரிஞ்சுச்சு. மூணு வேளையும் தின்னுட்டுச் சும்மா கெடக்கிற கெழவனுக்கு வேற என்ன சோலி? நான் படிச்சேன். அதுலருந்து நாலு வார்த்த சொல்றேன். கேட்டா கேளு, கேக்காட்டி உன் சம்பளம் ஒண்ணும் கொறையப் போறதில்ல.

இந்த ஆசையில தப்பே இல்லடா. நீங்க பண்ற வேலையப் பாத்தா எனக்கே பாவமாத்தான் இருக்கு. ஒரு பாங்கிக்கு ஆயிரம் ரவுட்டர், ஸ்விட்ச்சுன்னு இருந்தா, ஊரு ஒறங்குன பிறகு ஒவ்வொண்ணுக்குள்ளயும் பூந்து கமாண்ட் அடிக்கணும். இந்தக் கம்பெனிப் பெட்டிக்கு ஒரு பாஷ, அந்தக் கம்பெனிப் பெட்டிக்கு வேற பாஷ. ஒரு நம்பர் மாறுச்சுன்னா விடியிறப்ப ஏதோ ஒரு கிளையில பென்சன் வாங்க வந்த கெழவி வெறுங்கையோட திரும்பணும். 2002-ல இன்டர்நெட் ஆர்க்கிடெக்சர் போர்டுக்காரங்க நெட்வொர்க் ஓட்டுற ஆளுங்களக் கூப்பிட்டு உக்கார வச்சு, உங்களுக்கு என்னய்யா கொறன்னு கேட்டிருக்காங்க. அடுத்த வருசம் அது ஆர்.எஃப்.சி. 3535-ங்கிற காகிதமா வந்துச்சு. பெட்டி பெட்டியா எங்கள மேய விடாதீங்க, மொத்த நெட்வொர்க்கையும் ஒண்ணா வச்சுப் பாக்க வழி பண்ணுங்கன்னு அந்த ஆளுங்க கேட்டிருக்காங்க. அதுவரைக்கும் எஸ்.என்.எம்.பி.ன்னு ஒண்ணு இருந்துச்சு. பெட்டி உசுரோட இருக்கா இல்லையான்னு பாக்க அத வச்சுக்கிட்டாங்களே தவிர, பெட்டிய மாத்துற வேலைக்கு அத யாரும் பெருசா நம்பல. அந்தக் கூட்டத்துக்கு அப்புறம்தான் 2006-ல பெட்டிய மாத்துறதுக்குன்னே நெட்கான்ஃப், 2010-ல அதுக்கு எழுதுற பாஷையா யாங். ஒரு கொறைய வாயத் தெறந்து சொல்லி, அதுக்கு மருந்து வர எட்டு வருசம். நம்ம ஊரு ரோட்டு மனுவுக்கு இது எவ்வளவோ தேவல.

இதுக்கு நடுவுல ஐ.பி.எம்.ல பால் ஹார்ன்னு ஒருத்தர் 2001-லயே ஒரு பெரிய அறிக்கை விட்டாரு. மனுசன் ஒடம்புல நெஞ்சு துடிக்கிறது, மூச்சு விடுறது எல்லாம் யாரும் சொல்லாமலே நடக்குதே, கம்ப்யூட்டரும் அப்படித் தன்னத் தானே கவனிச்சுக்கணும்னு. தானே அமைச்சுக்கிறது, தானே கொணமாக்கிக்கிறது, தானே சீராக்கிக்கிறது, தானே காப்பாத்திக்கிறதுன்னு நாலு கொணம் வேணுமாம். நல்ல யோசனதான். ஆனா ஒடம்பு தன்னத் தானே பாத்துக்குதுன்னு சொல்றதுக்கு முன்னாடி, அந்த மனுசன் ஒரு நாள் நம்ம பெரியாசுபத்திரி வாசல்ல வந்து நின்னு பாத்திருக்கலாம்.

அப்புறம் 2004 வாக்குல லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரங்க, பெரிய குறிக்கோள ஒடச்சுச் சின்னக் குறிக்கோளாக்கி, அதையும் ஒடச்சுப் பெட்டிக்குப் புரியிற விதியாக்க வழி தேடினாங்க. 2017-ல சிஸ்கோ கம்பெனி இதத் தம்பட்டம் அடிச்சு விக்க ஆரம்பிச்சுச்சு. அதுக்குள்ள ‘இன்டென்ட் பேஸ்டு நெட்வொர்க்கிங்’னு பேரும் வச்சாச்சு. 2022 அக்டோபர்ல ஆர்.எஃப்.சி. 9315 வந்து அதுக்கு எலக்கணமே எழுதிடுச்சு. என்ன வேணும்னு சொல்லு, எப்படிச் செய்யணும்னு சொல்லாத, இதுதான் சாரம்.

இங்கதான் எனக்கு உன் கல்யாணத் தரகர் ஞாபகம் வந்தாரு. அவருகிட்ட நீ என்ன சொன்ன? பொண்ணு படிச்சிருக்கணும், வேலைக்குப் போகணும், பெங்களூருக்கு வரணும். அந்த மனுசனும் செருப்புத் தேய அலைஞ்சு கட்டுக் கட்டா ஜாதகம் கொண்டாந்தாரு. நீ கேட்டது அத்தனையும் அத்தன ஜாதகத்துலயும் இருந்துச்சு. கேக்காம மனசுக்குள்ள வச்சிருந்தது ஒண்ணுலயும் இல்ல. ‘என்ன தாத்தா, இவரு இப்படிப் பாக்குறாரு’ன்னு எங்கிட்ட வந்து மூஞ்சியத் தூக்கிக்கிட்ட. அவரு நீ சொன்னதத்தாண்டா செஞ்சாரு. தரகராவது உன் மூஞ்சியப் பாத்து, தம்பி இன்னும் என்னமோ எதிர்பாக்குதுன்னு புரிஞ்சுக்கிட்டு அடுத்த ஊருக்குப் போனாரு. உன் மெஷினுக்கு மூஞ்சி பாக்கத் தெரியாது.

சந்தேகமா இருந்தா ஒரு வரிய எடுத்துப் பிரிச்சுப் பாப்போம். உங்க மொதலாளி, ‘மீட்டிங்ல எம் பேச்சு அறுபடக் கூடாது’ங்கிறாரு. நியாயமான ஆசதான். மெஷினுக்கு ‘அறுபடக் கூடாது’ன்னா என்னன்னு தெரியணும். பேச்சு போய்ச் சேர எவ்வளவு தாமதம், அந்தத் தாமதம் எவ்வளவு ஏறி எறங்குது, வழியில எத்தன பாக்கெட்டு தொலையுது, இந்த மூணும்தான் கணக்கு. ஒரு பக்கத்துத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள்ள இருந்தாப் பேச்சுக்கு எடைஞ்சல் இல்லன்னு ஒலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஐ.டி.யூ. எழுதி வச்சிருக்கு. சரி, அதுக்கு என்ன செய்யணும்? பேச்சு போற பாக்கெட்டு ஒவ்வொண்ணு தலையிலயும் 46-ன்னு ஒரு முத்திர குத்தணும். டி.எஸ்.சி.பி.ங்கிறாங்களே, அதுதான். வழியில இருக்கிற ஒவ்வொரு பெட்டியும் அந்த முத்திரையப் பாத்ததும் மொத வரிசையில விடணும். ஒரு பெட்டி பாக்காம விட்டாலும் போச்சு.

இவ்வளவுதான்னு நெனச்சியா? மொத வரிசையில ஒரு பாக்கெட்டு நிக்கிற வரைக்கும் பின் வரிசைக்காரனுக்கு வழி கெடையாது. அதனால அனுபவப்பட்டவங்க மொத வரிசைக்கு ஒரு உச்சவரம்பு வைப்பாங்க, லைன்ல மூணுல ஒரு பங்குக்கு மேல அது தின்னக் கூடாதுன்னு. மொதலாளி அதச் சொன்னாரா? அவரு பேச்சு அறுபடாமப் போவுது, மாசக் கடைசியில சம்பளப் பட்டியல் பின் வரிசையில நின்னு காலு வீங்குது. அதோட விட்டுச்சா, முத்திரைய எவன் வேணும்னாலும் குத்திக்கலாம். படம் எறக்குற பய ஒருத்தன் தன் பாக்கெட்டுக்கெல்லாம் 46-ன்னு குத்திக்கிட்டு மொதலாளிக்கு முன்னாடி போயி நிப்பான். அதனால ஆளுங்க கம்ப்யூட்டர்லருந்து வர்ற முத்திரைய நம்பாத, வாசல்லயே அழிச்சுட்டு நீயே புதுசாக் குத்துன்னும் சொல்லணும். ஒரு வரி ஆசைக்குள்ள எத்தன சொல்லாத வரி பாத்தியா? இத்தனையும் தெரிஞ்சவன் உங்க ஆபீசுல ஒருத்தன் இருப்பான். மெஷின் வந்துடுச்சுன்னு அவனத்தான் மொதல்ல வேற வேலைக்கு மாத்தியிருப்பீங்க.

ரெண்டு பேரு ஆசப்பட்டா கத இன்னும் அழகு. கணக்குப் புள்ள, ‘கரண்டு பில்லக் கொறைக்கணும்’னு ஒரு குறிக்கோள் போடுறாரு. இன்னொரு அதிகாரி, ‘எந்த லைன் அறுந்தாலும் வேல நிக்கக் கூடாது’ன்னு ஒண்ணு. மெஷின் ராத்திரியில சுத்திப் பாக்குது. ஒரு லைன் எதையும் சொமக்காம வெட்டியாக் கெடக்குது. அத அணச்சிடுது. அந்த லைன் சும்மா கெடக்கிறதுக்குத்தாண்டா மாச வாடகை. பக்கத்து லைன் அறுந்தா எந்திரிக்கத்தான் அத அங்க படுக்க வச்சிருக்கு. இப்படி ரெண்டு குறிக்கோள் முட்டிக்குதுன்னு கண்டுபிடிக்க மெஷினுக்குச் சொல்லிக் குடுக்கலாம், குடுத்துமிருக்காங்க. எது விட்டுக் குடுக்கணும்ங்கிறத யாரு சொல்றது? அதுக்கு ரெண்டு அதிகாரிகளும் ஒரு ரூமுல உக்காரணும். மெஷின் வாங்குனதே அந்த ரெண்டு பேரும் ஒரே ரூமுல உக்காராம இருக்கத்தான்னு எனக்கு ஒரு சந்தேகம்.

சரி, கெழவன் கற்பனையில மெரட்டுறான்னு நெனைக்காத. 2021 அக்டோபர் 4. நமக்கு ராத்திரி 9 மணிக்குக் கொஞ்சம் மேல. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூணும் மொத்தமாப் படுத்துச்சு. அன்னைக்கு ராத்திரிதான் உங்க சித்தியும் சித்தப்பாவும் மொகத்த மொகம் பாத்துப் பேசினாங்க, வெனையே அங்கதான் ஆரம்பிச்சுச்சு. அத விடு. நடந்தது என்னன்னு அந்தக் கம்பெனியே எழுதியிருக்கு. தங்களோட டேட்டா சென்டர்கள எணைக்கிற பெரிய லைன்கள்ல எவ்வளவு கொள்ளளவு இருக்குன்னு பாக்க ஒரு கமாண்ட் குடுத்திருக்காங்க. அது அத்தன லைனையும் சாச்சுடுச்சு. இப்படி விபரீதமான கமாண்டத் தடுக்கவே ஒரு தணிக்கை மென்பொருள் காவலுக்கு இருந்துச்சு, அதுக்குள்ளயே ஒரு பிழை இருந்ததால தடுக்காம விட்டுடுச்சு.

எனக்குப் பிடிச்சது அதுக்கு அப்புறம் நடந்ததுதான். கேக்கிறவங்களுக்கு வெலாசம் சொல்ற டி.என்.எஸ். சர்வருக்கெல்லாம் அவங்க ஒரு புத்தி சொல்லி வச்சிருந்தாங்க. ‘டேட்டா சென்டரோட உனக்குப் பேச முடியலன்னா உனக்கு ஒடம்பு சரியில்லன்னு அர்த்தம். எங்கிட்ட வராதீங்கன்னு ஊருக்கு அறிவிச்சிட்டு ஒதுங்கிக்க.’ நல்ல புத்திதானே? ஒரு எடத்துல ஒண்ணு நோவுல விழுந்தா, ஜனங்க அடுத்த எடத்துக்குப் போயிடுவாங்க. அன்னைக்கு எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல பேச்சு நின்னுச்சு. அத்தனையும் ஒண்ணாச் சேந்து பி.ஜி.பி. அறிவிப்பத் திரும்ப எடுத்துக்கிட்டு ஒதுங்கிடுச்சு. ஒவ்வொண்ணும் தனக்குச் சொன்னத அப்பழுக்கில்லாம நெறவேத்துச்சு, மொத்தத்துல கம்பெனிக்கு இன்டர்நெட்டுல வெலாசமே இல்லாமப் போச்சு. எல்லாரும் ஒரே நேரத்துல ஒதுங்கினா என்ன செய்யிறதுன்னு யாரும் சொல்லி வைக்கல. சரிபண்ண உள்ள போகலாம்னா, உள்ள போற வழியும் அதே நெட்வொர்க்கு மேல. ஆளுங்கள டேட்டா சென்டருக்கே அனுப்பினாங்க. திருடன் பூந்தாலும் எதையும் மாத்த முடியாத மாதிரி பலமாக் கட்டியிருந்ததால, சொந்த ஆளு பூந்தும் மாத்த நேரம் புடிச்சுச்சு. ஆறு மணி நேரத்துக்கு மேல ஆச்சு.

கனடா கத இன்னும் ருசி. ரோஜர்ஸ் கம்பெனி, 2022 ஜூலை 8. நெட்வொர்க்க மேம்படுத்த ஏழு கட்டமாத் திட்டம் போட்டு ஆறாவது கட்டத்துல நின்னாங்க. ரவுட்டர்கள்ல இருந்த வடிகட்டிய எடுத்தாங்க. தடுத்து வச்சிருந்த வழித்தடத் தகவல் அத்தனையும் நடு ரவுட்டர்களுக்குள்ள பாஞ்சு, அதுங்க மூச்சு முட்டி விழுந்துச்சு. 1 கோடியே 20 லட்சம் வாடிக்கையாளருக்குப் போனும் இல்ல, இன்டர்நெட்டும் இல்ல. அவசரத்துக்கு 911-க்குக் கூப்பிட முடியல, கடையில கார்டு தேய்க்க முடியல. ஒரு நாளைக்கு மேல நீடிச்சுச்சு.

அப்புறம் விசாரிச்சு ஒரு அறிக்கை வந்துச்சு. அதுல ஒரு வெவரத்தப் படிச்சிட்டு நான் கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டுத் திரும்பப் படிச்சேன். அந்த ஏழு கட்ட வேலைக்கு மொதல்ல ‘அபாயம் அதிகம்’னுதான் குறிச்சிருக்காங்க. முந்தின கட்டங்க நல்லபடியா முடிஞ்சதும், அபாயத்த மதிப்பிடுற அல்காரிதம் தானாவே எறக்கி, ஆறாவது கட்டத்துக்கு ‘அபாயம் கம்மி’ன்னு போட்டுடுச்சு. எந்தப் பள்ளிக்கூடத்துல கணக்குப் படிச்சுச்சோ! எறங்கினதும் என்ன ஆகும்? மேலதிகாரி கையெழுத்து கொறையும், சோதனை கொறையும். என்ன ஆச்சுன்னு கண்டுபிடிக்கவே 14 மணி நேரம் போச்சு, ஏன்னா பாக்குற வழியும் விழுந்து கெடக்கிற அதே நெட்வொர்க்கு மேல. அவங்க ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் பேச முடியாம, போட்டிக் கம்பெனி சிம் கார்ட அனுப்பி வச்சுப் பேச வச்சிருக்காங்க. போன் கம்பெனிக்காரன் பேச முடியாமத் தவிச்சத நெனச்சு நான் சிரிச்ச சிரிப்புல உங்க அப்பத்தா அடுப்படியிலருந்து எட்டிப் பாத்துட்டா.

மெஷினே வேண்டாம்னு சொல்றேன்னு நெனச்சுக்காத. பலிச்ச எடமும் இருக்கு. கூகுள்காரன் தன் டேட்டா சென்டருக்கு நடுவுல பி4-ன்னு ஒரு நெட்வொர்க் போட்டு, 2013-ல அதப் பத்திக் கட்டுரை எழுதினான். ஊரு ஒலகத்துல இப்படிப்பட்ட நெடுந்தூர லைன நூத்துக்கு முப்பது நாப்பது வரைக்கும்தான் ஓட்டுவாங்க, மிச்சம் ஆபத்துக்கு ஒதுக்கினது. அவன் பல லைன்கள நூத்துக்குப் பக்கத்துல ஓட்டிக் காட்டினான். எப்படி முடிஞ்சுச்சு? பெட்டியும் அவனோடது, லைனும் அவனோடது, அதுல ஓடுற வேலையும் அவனோடது. எந்த வேல ஒரு மணி நேரம் காத்திருக்கலாம், எது ஒரு நொடி கூடக் காத்திருக்கக் கூடாதுன்னு அவனுக்கு அத்துபடி. ஃபேஸ்புக்காரனும் ரோபோட்ரான்னு ஒண்ணு கட்டி, மேலருந்து சொல்ற வடிவமைப்ப ஒவ்வொரு பெட்டிக்குமான கான்ஃபிகரேஷனா எறக்கினான், 2016-ல எழுதியிருக்கான். உங்ககிட்ட வர்ற வாடிக்கையாளர் அப்படியா? இருவது வருசத்துப் பழைய ஸ்விட்ச்சு, எவனோ போட்டுட்டு வேலைய விட்டுப் போன கமாண்ட், எதுக்குன்னு தெரியாததாலயே யாரும் தொடாத ஒரு லைன். தன் வீட்டுல என்ன இருக்குன்னே தெரியாதவன், என்ன வேணும்னு மட்டும் எப்படிச் சரியாச் சொல்லுவான்?

இப்பப் புதுசா இன்னொரு வேடிக்க. குறிக்கோள முன்ன மாதிரி எலக்கணத்தோட எழுத வேண்டாம், வாயால பேசுற மாதிரியே சொல்லலாம், பெரிய மொழி மாடல் அதக் கான்ஃபிகரேஷனா எழுதிக் குடுக்கும்ங்கிறாங்க. எழுதுது, நானும் பாத்தேன். எதச் சொன்னாலும் ‘சரிங்க ஐயா’ங்குது. லைன்மேன் வேலையில அப்படி ‘சரிங்க ஐயா’ன்னுட்டுக் கம்பம் ஏறினவனெல்லாம் கரண்டுக் கம்பியத் தொட்டுட்டுத்தான் எறங்கினான். ‘ஐயா, எந்தக் கம்பி? மேல பவர் இருக்கா?’ன்னு நாலு தடவ கேட்டு எரிச்சலூட்டுறவனத்தான் நாங்க நம்புவோம். நீ மெஷின் வாங்கினா, திருப்பிக் கேள்வி கேக்கிற மெஷினாப் பாத்து வாங்கு.

புத்திமதி சொல்லணும்ல. நல்லாக் கேட்டுக்க. கமாண்ட் தெரிஞ்ச பழைய ஆளுங்கள மொதல்ல வீட்டுக்கு அனுப்பிடு, செலவு மிச்சம். மெஷின் மயங்கி விழுந்தாத் தண்ணி தெளிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தனும் பக்கத்துல இருக்கக் கூடாது. மெஷின் செஞ்ச வேலையச் சரிபாக்கிற பொறுப்ப அதே மெஷின்கிட்டயே குடு, அது தன்னப் பத்தி நல்லாத்தான் சொல்லும். பெட்டிகள மேய்க்கிற லைன், வேல ஓடுற அதே லைன் மேலயே ஓடட்டும், தனி வழி தண்டச் செலவு. மாத்தத்த ஒலகம் பூரா ஒரே நொடியில போடு, ஒரு கிளையில போட்டுப் பாத்துட்டு அடுத்ததுக்குப் போறதெல்லாம் பயந்தாங்கொள்ளி வேல. குறிக்கோள் எழுதுறப்ப ‘இது வேணும்’னு மட்டும் எழுது. ‘என்ன ஆனாலும் இது நடக்கக் கூடாது’ன்னு ஒரு வரி கூட எழுதிடாத, மீட்டிங் நீண்டு போயி மதியச் சாப்பாடு தட்டிப் போகும்.

மொறைக்காத. இதுல பாதிய உங்க ஆபீசுல ஏற்கெனவே செஞ்சு வச்சிருக்கீங்க, உன் டேப்லெட்டுல மீட்டிங் குறிப்பும் இருந்துச்சு.

உங்க உலகத்துலயே எனக்குப் புடிச்ச ஒரு சாமான் இருக்கு. ஜூனிப்பர் பெட்டியில ‘கமிட் கன்ஃபர்ம்டு’ன்னு ஒரு கமாண்ட். மாத்தத்தப் போட்டதும் பெட்டி 10 நிமிசம் காத்திருக்கும். அதுக்குள்ள நீ உள்ள வந்து ‘சரிதான், நெலச்சிருக்கட்டும்’னு சொல்லலன்னா, நீ வெளியில மாட்டிக்கிட்டன்னு அதுவே முடிவு பண்ணிப் பழைய நெலமைக்குத் திரும்பிடும். நெட்கான்ஃப்லயும் இதே ஏற்பாடு இருக்கு. உன் பெரிய மெஷின் போடுற ஒவ்வொரு மாத்தமும் இந்த வாசல் வழியாத்தான் போகணும்னு ஒரு விதி போடு. அந்தக் குறிக்கோள் தாளுக்கு அடியில, ஆசப்பட்ட அதிகாரிகிட்டக் கையெழுத்தும் வாங்கிக்க. நாளைக்கு நெட்வொர்க் படுத்தா, ‘நான் அப்படியா சொன்னேன்’னு மொதல்ல கேக்கப் போறவரு அவருதான்.

கல்கண்டு நல்லா இருந்துச்சுன்னு உங்க அம்மாகிட்டச் சொல்லு. டேப்லெட்ட இந்தத் தடவையும் விட்டுட்டுப் போ. ஊருக்குக் கெளம்புற வழியில பஸ் ஸ்டாண்டுக் கடையில வேற கம்பெனி சிம் ஒண்ணு வாங்கிச் சட்டப் பையில போட்டுக்க.